ஏலகிரி சைக்கிள் ஏற்றம்: ஏறும்போது பின்னாலேயே வரும் வேன், இறங்கும்போது எங்கே?

வேலூரிலிருந்து நண்பர் கூட்டங்களை ஏலகிரிக்கு அழைத்துப்போய் மலையடிவாரத்திலிருந்து சைக்கிளில் ஏற்றிவிடும் ஒருநாள் ஏற்பாடு பற்றிய விமர்சனம் இது. நடத்துபவர்களின் பெயர் வேண்டாம். இதே மாதிரி ஏற்பாட்டை வேறு சிலரும் செய்கிறார்கள், குறைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அதனால் யாரோடு போனாலும் இங்கே சொல்வது பயன்படும்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: ஏற்றத்தை நன்றாக நடத்துகிறார்கள். இறக்கத்தை ஏற்றம் முடித்ததற்குக் கிடைத்த பரிசு மாதிரி நினைத்து விட்டுவிடுகிறார்கள். இடையில் வாடகைக்குத் தரும் சைக்கிளில் ஒரு பல்சக்கரம் தவறு. மற்றபடி காசுக்குக் குறையில்லை.

மலையைப் பற்றிக் கொஞ்சம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நெடுஞ்சாலை 48இல் போய், வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் திரும்பினால் பொன்னேரி. அங்கேதான் மலைப்பாதை தொடங்குகிறது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானதும் ஏலகிரி காகிதத்தில் கை மாறிவிட்டது. பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது இன்னும் நம்ம ஜில்லா மலைதான். பொன்னேரியிலிருந்து மேலே அத்தனாவூர் வரை சுமார் 14 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து கணக்குப் போட்டால் 600 மீட்டருக்குக் குறையாத ஏற்றம். சராசரி சரிவு 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வரும், ஆனால் சராசரியை நம்பிப் போனால் ஏமாறுவோம். தொடக்கமும் மேல்பகுதியும் லேசாக இருப்பதால் வளைவுகள் அடுக்காக வரும் நடுப்பகுதி அதைவிடச் செங்குத்து. புதிதாக வருபவர் மூச்சு வாங்கி நிற்பதும் அங்கேதான்.

வேலூரிலிருந்தே மிதித்துக்கொண்டு போகலாமா என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். போகலாம், வேலூரிலிருந்து ஏலகிரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆனால் பெரும்பகுதி நெடுஞ்சாலை. லாரி டயர் வெடித்துச் சிதறிய இடமெல்லாம் சாலையோரத்தில் மயிரிழை போன்ற கம்பித் துணுக்குகள் கிடக்கும். பஞ்சரில் பாதி அதனால்தான் வரும், மீதி சீமைக்கருவேல முள். எண்பது கிலோமீட்டர் வெயிலில் மிதித்துவிட்டு மலையடியில் நிற்பவருக்கு மலை ஏறத் தெம்பு இருக்காது. வேனில் போய் பொன்னேரியில் இறங்குவதுதான் சரி. இந்த ஏற்பாட்டில் அதுவே இருக்கிறது: விடிகாலை நாலரைக்கு வேலூரில் ஏற்றி, ஆறேகாலுக்குள் அடிவாரத்தில் இறக்குகிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த நேரம் கச்சிதம். ஜனவரியில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் வரும், எட்டரைக்குள் ஏறி முடித்துவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம். வெயில் ஒரு காரணம், கோடை விழாவுக்கு வரும் கார்க்கூட்டம் இன்னொன்று.

வேனில் சைக்கிளை அடுக்குவதைக் கவனித்துப் பாருங்கள், ஆட்களின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். கியர் இருக்கும் பக்கம், அதாவது செயின் பக்கம், மேலே வர வேண்டும். ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே பழைய போர்வை. பெடல் எதிர் வண்டியின் கம்பிக்குள் நுழையாமல் கட்ட வேண்டும். இவர்கள் போர்வை போடுகிறார்கள், கட்டுகிறார்கள். ஆனால் கடைசியாக ஏற்றும் இரண்டு மூன்று வண்டிகளை இடம் போதாமல் செயின் பக்கம் கீழே வரும்படி சாய்த்துவிடுகிறார்கள். இது சின்ன விஷயமில்லை. பின்கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் தகடு மற்ற வண்டிகளின் பாரத்தில் இரண்டு மில்லிமீட்டர் உள்பக்கம் வளைந்தால் போதும். சமதளத்தில் எதுவும் தெரியாது. மலையில் மிகக் கீழான கியருக்கு மாற்றும்போது, அதாவது செயின் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது, செயினைத் தாங்கித் தொங்கும் கியர் கூண்டு சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கும். நாலு கம்பி அறுந்து, கூண்டு முறுக்கிக்கொண்டு, அன்றைய சவாரி அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் இறக்கியவுடன் ஒரு வேலை செய்யுங்கள். வண்டிக்கு நேர் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கியர் கூண்டின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலே உள்ள பல்லுக்கு நேர்க்கோட்டில் தொங்க வேண்டும், கீழ்ச்சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கக் கூடாது. பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் பெடலைச் சுற்றி, மிகக் கீழான கியருக்கு மாற்றிப் பாருங்கள். 'டிக் டிக்' என்று கம்பியில் உரசும் சத்தம் வந்தால் அந்த வண்டி வேண்டாம், வேறு கேளுங்கள்.

இனி பல்சக்கரத் தகராறு. வாடகைக்குத் தருவது ஹைபிரிட் வகை. முன்னால் 48, 38, 28 பற்களில் மூன்று சக்கரம், பின்னால் 14இலிருந்து 28 பல் வரை ஏழு அடுக்கு ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி. சட்டத்தில் '21 ஸ்பீடு' என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். மலைக்கு அந்த 21 ஒரு பொருட்டே இல்லை. கேட்க வேண்டியது இரண்டே எண்: முன்னால் மிகச் சிறியது எத்தனை பல், பின்னால் மிகப் பெரியது எத்தனை பல். இங்கே 28க்கு 28. அப்படியென்றால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரமும் ஒரு சுற்று, ஏறக்குறைய 2.18 மீட்டர். செங்குத்தான இடத்தில் புதியவரின் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் இருக்கும். அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 53, 54 சுற்றுதான் வரும். பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்தில் 65 சுற்று. கேட்பதற்குப் பன்னிரண்டு சுற்று வித்தியாசம்தான். ஆனால் பெடல் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் கூடுகிறது. ஒன்றரை மணி நேரம் அப்படி மிதித்தவருக்கு மறுநாள் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சிரட்டையின் கீழே வலி தெரியும்.

சரிசெய்யச் செலவு அதிகமில்லை. 14-34 ஃப்ரீவீல் நம் ஊர் சைக்கிள் கடைகளிலேயே கிடைக்கிறது. கழற்றும் சாவி இருந்தால் பத்து நிமிட வேலை. செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டி வரும், பின்கியர் நீளக் கூண்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாடகைக்கு விடுபவர்கள் இதைச் செய்யாததற்குக் காரணம் சோம்பல்தான் என்று தோன்றுகிறது. சமதளத்தில் அந்த வண்டிகளைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லையே.

வீட்டில் இருக்கும் கியர் இல்லாத சாதா சைக்கிளில் ஏறிவிடுவேன் என்று மல்லுக்கு நிற்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் கிட்டப் போகும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 25 சுற்று, அதாவது ஒவ்வொரு மிதியும் எழுந்து நின்று மிதிக்கிற மிதி. ஏறுபவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பாதி தூரம் தள்ளிக்கொண்டு போவதையும் ஏறியதாகவே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சீட் உயரத்தை இந்த ஏற்பாட்டில் யாரும் பார்ப்பதில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுதும் நீள வேண்டும், இடுப்பு ஒருபக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம். தரையில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கிக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

காற்று. 700 அளவில் 35, 38 டயருக்கு 55 முதல் 65 பிஎஸ்ஐ போதும். கல்லு மாதிரி அடித்தால் ஏறுவது சுலபமாகிவிடாது, இறங்கும்போது பிடிமானம் குறையும், அவ்வளவே. குறைவாக அடித்தால் குழியில் விழும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கிப் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் ஒட்டும்போது அப்படி இரட்டை ஓட்டை தெரிந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றுதான் குறைவு. ஒற்றை ஓட்டையென்றால் புது டியூப் போடுமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் நூறு மீட்டர்தான் தாங்கும். சொந்த வண்டியில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் பெட்ரோல் பங்க் காற்று ஏறாது, பித்தளை அடாப்டர் ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வேனில் இருக்கும் கருவிப்பெட்டிக்கு நல்ல மதிப்பெண் தரலாம். மாற்று டியூப், டயர் கழற்றும் லீவர், ஒட்டுச் சாமான், தரையில் நிற்கும் பெரிய பம்பு, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, 15ஆம் நம்பர் ஸ்பேனர், செயின் அறுந்தால் போடும் இணைப்புக் கண்ணி, பிரேக் ஒயர் எல்லாம் உண்டு. பிரேக் கட்டை மட்டும் இல்லை. ஏன் அது முக்கியம் என்பது இறக்கத்தில் வரும்.

ஏற்றத்துக்கு வருவோம். இங்கே இவர்கள் உண்மையிலேயே கெட்டி. கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து ஏற வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. சமதளத்தில் கூட்டமாகப் போனால் முன்னால் போகிறவர் காற்றை உடைக்க, பின்னால் வருபவருக்குச் சுலபம். மலையில் மணிக்கு 7, 8 கிலோமீட்டரில் காற்று ஒரு பொருட்டில்லை, சண்டை எடையோடுதான். 70 கிலோ ஆளும் 14 கிலோ வண்டியும் 7 சதவீதச் சரிவில் மணிக்கு 7 கிலோமீட்டரில் ஏற ஏறக்குறைய 120 வாட் வேண்டும், பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்றரை ஓடுகிற அளவு. 90 கிலோ நண்பருக்கு அதே வேகத்தில் 150 வாட் வேண்டும். அவரை 'நம்ம கூடவே வாடா மச்சான்' என்று இழுப்பது அன்பில்லை, கொடுமை. அதனால் அவரவர் வேகத்தில் ஏறி, குறித்த இடங்களில் சேர்ந்துகொள்வது என்று வைத்திருக்கிறார்கள். நாலாவது, எட்டாவது, பதினொன்றாவது வளைவு தாண்டி. வளைவில் இல்லை, தாண்டி. இந்த ஒரு சொல்லைக் காலையில் மூன்று தடவை சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். வளைவில் நின்றால் மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

ஒரு நிறுத்தத்துக்கு மூன்று நிமிடம். அதற்குமேல் நின்றால் வியர்வை காய்ந்து தொடை இறுகிவிடும். கடைசியாக வருபவருக்கும் அந்த மூன்று நிமிடம் உண்டு, இதை எழுதிவைத்தே நடத்துகிறார்கள். பல குழுக்களில் கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் முதல் ஆள் கிளம்பிவிடுவார். மெதுவாக வருபவருக்கு ஓய்வே கிடைக்காது, வேகமாக வந்தவர் பத்து நிமிடம் ஆற அமர உட்கார்ந்திருப்பார். பாதியில் வேனில் ஏறுபவர்களில் பலர் காலில் வலுவில்லாமல் ஏறுவதில்லை, இந்த அநியாயத்தால் ஏறுகிறார்கள்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: முழு வாக்கியம் பேச முடிகிறதா? முதல் நாலு வளைவுகளில் பாட்டே பாட முடிய வேண்டும். அங்கே மூச்சு முட்டினால் ஒன்பதாவது வளைவுக்கு மேல் தள்ளத்தான் வேண்டும். இந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்துபோன பாரியின் பெயரைப் பார்க்கும்போது, சைக்கிளை அங்கேயே கொடியில் சாய்த்துவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றுவது இயல்பு.

வளைவை எடுப்பதில் ஒரு நுணுக்கம். நாம் இடதுபக்கம் ஏறுகிறோம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிச்சுற்று, தூரம் கொஞ்சம் கூட, சரிவு லேசு. இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்சுற்று, அங்கே சாலை சுவர் மாதிரி எழும்பும். உள்ளோரத்தை ஒட்டாமல் ஒரு மீட்டர் விலகி வந்தால் சரிவு கணிசமாகக் குறையும். அதற்குமுன் பின்னால் ஹாரன் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். கியரை வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே இறக்கிவிட வேண்டும். வளைவுக்குள் போய், முழு பலத்தில் மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் 'கடகட' என்று செயின் தாவும், சில சமயம் அறும். மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் மிதியை லேசாக்குங்கள், பஸ் டிரைவர் கிளட்ச் மிதிக்கிற மாதிரி.

நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்ப முடியாமல் தடுமாறுபவர்கள் நிறைய. நிற்பதற்கு முன்பே கீழான கியருக்கு வந்துவிடுங்கள், நின்றபின் மாற்ற முடியாது. ஒரு பெடலை உச்சியைச் சற்றுத் தாண்டி, கடிகாரத்தில் இரண்டு மணி காட்டும் இடத்தில், வைத்துக்கொண்டு ஒரே அழுத்தாக அழுத்தி, அந்த வேகத்தில் சீட்டில் உட்காருங்கள். பிரேக்கைப் பெடலை அழுத்தும் நொடியில்தான் விட வேண்டும்.

மேலிருந்து வரும் வண்டிகள் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் மலைப்பாதைச் சட்டம். அதை நம்பி நடுரோட்டில் போக வேண்டாம். இருவர் இணையாகப் பேசிக்கொண்டு போவதையும் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், சாப்பாடு. தலைக்கு இரண்டு பாட்டில் நிரப்பித் தருகிறார்கள், எட்டாவது வளைவு தாண்டி வேனில் மறுபடி நிரப்பலாம். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்ற கணக்கில் இது போதும். ஓஆர்எஸ் பாக்கெட்டும் தருகிறார்கள். ஆனால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முக்கால் லிட்டர் பாட்டிலில் முழுதாகக் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உப்பும் சர்க்கரையும் கூடிப்போனால் குமட்டும், தாகம் இன்னும் கூடும். முக்கால் பாக்கெட்டுக்கு முக்கால் லிட்டர், அவ்வளவுதான் கணக்கு. நீங்களே கலந்துகொள்ளுங்கள்.

இந்த ஏற்றத்துக்கு உடம்பு செலவழிப்பது சுமாராக 550 முதல் 600 கலோரி, பத்துப் பன்னிரண்டு இட்லி. அதை முழுவதும் காலையிலேயே உள்ளே தள்ள வேண்டியதில்லை, முந்தைய ராத்திரிச் சோற்றிலேயே பாதி இருக்கிறது. கிளம்புமுன் மூன்று இட்லி, அடிவாரத்தில் ஒரு வாழைப்பழம், நடுவில் நாலு பேரீச்சை. இவர்கள் தருவது கடலை மிட்டாய். ருசிக்குக் குறையில்லை, ஆனால் கடலையின் கொழுப்பு வயிற்றில் நின்று மெதுவாகத்தான் கரையும். மேலே போய்ச் சாப்பிட ஏற்றது. ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால், கை நடுங்கினால், உடனே நின்று சர்க்கரை சேர்ந்த எதையாவது வாயில் போடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். நெஞ்சில் பாரம், இடது தோளில் இழுப்பு என்றால் அது வேறு கதை. வேனில் சாய்ந்து உட்காரவைத்து 108ஐக் கூப்பிட வேண்டியதுதான், 'கொஞ்சம் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்' என்ற பேச்சே கூடாது.

பழப்பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் அதற்கு ஒரு வேகமே இல்லை.

மேலே போனபின் சொல்ல அதிகம் இல்லை. அத்தனாவூரில் டீ, புங்கனூர் ஏரியைச் சுற்றி ஒரு சுற்று, தெம்பிருப்பவர்களுக்கு நிலாவூர் பக்கம் ஏறி இறங்கும் சாலை. தேன் வாங்குபவர்கள் வாங்கலாம். ஒன்றரை மணி நேரம் தருகிறார்கள், போதும்.

இனி இறக்கம், இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம். ஏறும்போது கடைசி ஆளுக்குப் பின்னால் நிழல் மாதிரி வந்த வேன், இறங்கும்போது முன்னால் போய்விடுகிறது. ஏன் தெரியுமா? ஆம்பூரில் பிரியாணிக்கு இடம் பிடிக்க. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினைந்து பேருக்கு ஒரே மேசையில் இடம் வேண்டுமென்றால் சீக்கிரம் போக வேண்டும் என்பது நியாயம்தான். சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்க் கொத்சுவும் ஏமாற்றவில்லை. ஆனால் விழுந்து அடிபடுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது விழுந்தால் மணிக்கு 7 கிலோமீட்டரில் முட்டி சிராய்க்கும், இறங்கும்போது 40இல். முதலுதவிப் பெட்டியும் கருவிகளும் அந்த நேரத்தில் வாணியம்பாடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.

பிரேக்கில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இதன் கனம் புரியும். ஏறும்போது ஆளும் வண்டியுமாக 84 கிலோவை 600 மீட்டர் தூக்கினோம். இறங்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. ஒரு பங்கு காற்றோடும் டயரோடும் போகும், மிச்சமெல்லாம் பிரேக்கில். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை இடைவிடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து, உள்ளே காற்றின் அழுத்தம் ஏறி, டியூப் வெடிக்கும் அபாயம் உண்டு. டிஸ்க் பிரேக்கென்றால் கட்டை சூடேறிக் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும், பிறகு எவ்வளவு பிடித்தாலும் வழுக்கும்.

எனவே விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நேர்ப்பாதையில் வண்டியை ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து, வேகத்தை 15க்குக் கொண்டுவந்து, பிடியை லேசாக்கி வளைவுக்குள் போக வேண்டும். வளைவுக்குள் போனபின் முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். அங்கே பஸ் ஒழுகவிட்ட ஆயில் இருக்கும், உள்ளோரத்தில் சரளை இருக்கும், மழைக்காலத்தில் ஈர இலை இருக்கும். முன்பிரேக்கைத் தொடவே பயப்படுவதும் தப்பு. நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து, அதன்மேல் பாரத்தை ஏற்றுங்கள்.

பத்தாவது, ஐந்தாவது வளைவு தாண்டி நின்று விரல்களை உதறிக்கொள்ளுங்கள். ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், 'சுர்' என்றால் ஐந்து நிமிடம் கூட நில்லுங்கள். டிஸ்க் தகட்டைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம், தோல் ஒட்டிக்கொண்டுவிடும்.

மேலே கிளம்புமுன் பார்க்க வேண்டியவை: பிரேக் லீவரை முழு பலத்தில் இழுத்தால் கைப்பிடிக்கும் லீவருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் லீவர் முனையில் உள்ள திருகை இரண்டு மூன்று சுற்று வெளியே திருப்புங்கள். ரப்பர் கட்டையில் உள்ள குழிக்கோடு தேய்ந்து மறைந்திருந்தால் அது மாற்ற வேண்டிய கட்டை. வாடகை வண்டிகளில் கோடு மறைந்த கட்டையோடு ஓடுபவை இருக்கின்றன, பெட்டியில் மாற்றுக் கட்டை கிடையாது. ஒரு ஜோடி நீங்களே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சினிமா டிக்கெட்டை விடக் குறைவாகத்தான் ஆகும்.

ஆளுக்கு ஆள் முப்பது நொடி இடைவெளி விட்டு இறங்க வேண்டும் என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டு வேன் போய்விடுவதால், மூன்றாவது வளைவுக்குள் பையன்கள் பந்தயம் வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கூட்டத்தில் நிதானமான இருவரைப் பொறுப்பாக்குங்கள்: ஒருவர் முன்னால், அவரை யாரும் தாண்டக் கூடாது, ஒருவர் கடைசியில், பம்பும் டியூபும் அவரிடம்.

பணம் கட்டுமுன் நடத்துபவர்களிடம் நாலு கேள்வி கேளுங்கள். பின்னால் பெரிய பல் எத்தனை? பிரேக் கட்டை கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இறங்கும்போது வேன் எங்கே இருக்கும்? ஹெல்மெட் எத்தனை அளவுகளில் இருக்கிறது? கடைசிக் கேள்வி எதற்கென்றால், இவர்களிடம் இருப்பது ஒரே அளவு. சிறிய தலைக்கு அது கூடை மாதிரி ஆடும். தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கியபின், தலையை ஆட்டினால் புருவத்தோடு சேர்ந்து அசைய வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது.

ஆம்பூர் மேசையைப் போனில் சொல்லி வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே பேசிவிட்டால் வேனைப் பின்னால் வரச்சொல்ல ஒத்துக்கொள்கிறார்கள், கேட்டால்தான்.

இதே ஆட்கள் ஆலங்காயம் வழியாகக் காவலூர் வரை ஒரு சவாரியும் வைத்திருக்கிறார்கள், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வானாய்வகம் பக்கம். ஜவ்வாது மலையின் அந்தச் சாலையில் வண்டி நடமாட்டமும் கடைகளும் குறைவு. வேன் முன்னால் போய்விட்டால் கேட்க நாதியில்லை. ஏலகிரியில் வேன் பின்னால் வருவதையும் வாடகை வண்டியில் 34 பல் ஏறியிருப்பதையும் பார்த்தபிறகு அதற்குப் பெயர் கொடுங்கள்.